புலியைக் கண்டவர் மலையைக் கண்டதுண்டா?

வெளிநாட்டுப் பயணம் இன்று நம் சமுதாயத்தார்க்கு அரிய செயலன்று. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய நம் முன்னோர் பொருளீட்டவே சென்றனர்; ஊர் பார்ப்பதற்கென்று சென்றவர் மிகச் சிலரே. இன்றோ மகன் இலண்டனில் பணிபுரிகிறான்; மகள் மருமகனோடு அங்கே குடியிருக்கிறாள்; திண்டுக்கல்லிலிருந்து அத்தாவும் அம்மாவும் விமானமேறிச் சென்று இரண்டு மாதம் தங்கிப் பேரப் பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுத் திரும்புகின்றனர். அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென ஒதுக்கப்படுகிறது. முற்பகலில் வின்சர் கோட்டை அரண்மனை. பிற்பகலில் தென் கென்சிங்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். மாலையில் தேம்ஸ் நதிக்கரை. இரவில் கைநிறையப் படங்கள்.

இந்தப் பயணத்தை நாம் குறைகூற வரவில்லை. பூமியில் சுற்றித் திரிந்து, முன்வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்குமாறு திருமறை மீண்டும் மீண்டும் பணிக்கிறது. அப்பணிப்பை ஏற்று நடந்தவர்களுள் ஒருவர், மொராக்கோ நாட்டுத் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு 14ஆம் நூற்றாண்டில் நம் மதுரை வரை வந்து சென்ற இப்னு பதூதா. மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் அவருக்கு மனைவி வழியில் உறவினர். இருந்தும், அந்தச் சுல்தான் எளிய மக்கள் மீது இழைத்த கொடுமைகளை அவர் மறைக்கவில்லை, கண்டித்தே எழுதிவைத்தார். அதுவன்றோ பார்வை! கண்டதை அறிந்து, அறிந்ததை எடைபோட்டு, எடைபோட்டதை உள்ளபடி சொல்லும் பார்வை.

நாம் குறைகூறுவது வேறொன்றை. அரண்மனையில் நின்றும், அருங்காட்சியகத்தில் நடந்தும், தாம் எதன் முன்னே நிற்கிறோம் என்பதை அறியாமலே திரும்பி வரும் பார்வையைத்தான் குறைகூறுகிறோம். அதிலும் திண்டுக்கல்லிலிருந்து செல்லும் ஒரு குடும்பம் அவ்வாறு அறியாமல் திரும்புவதை எம்மால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. ஏனென்று சொல்லுகிறோம்.

வின்சர் கோட்டையின் அரச சேகரிப்பில் பொற்றகடு போர்த்த புலித்தலை ஒன்று உள்ளது. கண்களும் பற்களும் பளிங்குக் கல்லால் ஆனவை. அதனுடன், மாணிக்கமும் மரகதமும் முத்தும் பதித்த ஹுமா என்னும் பொற்பறவையும் அதே சேகரிப்பைச் சேர்ந்தது. இரண்டும் திப்பு சுல்தானின் சிம்மாசனத்தைச் சேர்ந்தவை. 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு வாளேந்தியவாறே மாண்ட பிறகு, அங்கிருந்த செல்வத்தைப் பங்கிடுவதற்கென்றே கும்பெனிப் படையார் ஒரு குழு அமைத்தனர். படைத்தலைவனுக்கு ஒரு பங்கு, சிப்பாய்க்கு ஒரு பங்கு எனப் பதவிக்கேற்பப் பிரித்தனர். பிரிப்பதற்கு வசதியாகச் சிம்மாசனத்தையே துண்டு துண்டாக உடைத்தனர். அந்தத் துண்டுகளுள் பறவை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் போயிற்று. புலித்தலை 1831இல் நான்காம் வில்லியம் மன்னருக்குக் காணிக்கையாயிற்று. கொள்ளைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லூட்' என்னும் சொல்லே நம் நாட்டிலிருந்து அங்குச் சென்ற சொல் என்பதை இங்கு நினைவுகூர்வது பொருத்தமாகும். சொல்லும் போயிற்று, பொருளும் போயிற்று.

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலுள்ள மரப்புலியை அறியாதார் இரார். ஏறத்தாழ 178 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தப் புலி, மல்லாந்து கிடக்கும் ஓர் ஐரோப்பியன் மீது பாய்ந்து நிற்கிறது. பக்கத்திலுள்ள பிடியைச் சுழற்றினால் அந்த மனிதனின் கை மேலும் கீழும் அசையும். அவன் ஓலமிடுவது போலவும் புலி உறுமுவது போலவும் ஓசை எழும். புலியின் உடலுக்குள் இசைக்கருவியும் அமைக்கப்பட்டுள்ளது. திப்புவின் இசைக்கூடத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட அதனை 1808 முதல் கும்பெனியார் இலண்டன் லீடன்ஹால் வீதியில் தம் மாளிகையில் மக்களுக்குக் காட்டினர். வருவோர் போவோரெல்லாம் பிடியைச் சுழற்றியதால், அங்கிருந்த நூலகத்தில் படிக்க வந்தவர்கள் இரைச்சல் தாளாமல் முறையிட்டனர் என்பது வரலாறு. 1880இல் அது தென் கென்சிங்டனை அடைந்தது. உயிரோடு இருந்தபோது கும்பெனியின் உறக்கத்தைக் கெடுத்தவனின் பொம்மை, அவன் மறைந்த பின்னும் அவர்களின் வாசிப்பைக் கெடுத்தது!

இவற்றுக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களாயின், அக்கேள்வியே எம் வழக்கின் முதற்சான்று.

திண்டுக்கல் கோட்டையை எழுப்பத் தொடங்கியவர் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர், ஆண்டு 1605. திருமலை நாயக்கர் அதனை வலுப்படுத்தினார். பின்னர் அது மைசூர் அரசின் கைக்கு மாறியபோது, 1755இல் அதன் பௌஜ்தாராக, அதாவது படையதிகாரம் படைத்த ஆட்சியாளராக, அனுப்பப்பட்டவர் ஹைதர் அலி. அதுவரை அவர் ஒரு படைத்தலைவர், அவ்வளவே. தமக்கெனப் படையும் வருவாயும் ஆயுதச் சாலையும் அமைந்த தலைவராக அவர் உருவானது இந்த மலையடிவாரத்தில்தான். பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்துப் பீரங்கிப் பட்டறையை அவர் முதலில் நிறுவியது திண்டுக்கல்லில். பிற்காலத்தில் கும்பெனியை நடுங்க வைத்த மைசூர்ப் புலி முதன்முதலில் நகம் தீட்டியது, நாம் நாள்தோறும் பேருந்தில் அமர்ந்து ஏறிட்டும் பாராமல் கடந்து போகும் அந்தப் பாறையின் மீதுதான்.

ஹைதர் அலியின் இளைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கியிருப்பதும் இதே ஊரில். அந்த அம்மையாரின் பெயராலேயே பேகம்பூர் என்று ஒரு பகுதி வழங்குகிறது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் ஐவேளையும் தொழுகிறோம். ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கிறோம். பெருநாளில் கட்டித் தழுவிக் கொள்கிறோம். 'பேகம்' யார் என்று நம் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் எத்தனை பிள்ளைகள் பதில் சொல்லும் என்பதை வாசகர்களின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறோம்.

இன்னும் ஒன்று. இலண்டனில் செல்சிப் பகுதியில் தேசியப் படை அருங்காட்சியகம் இருக்கிறது. ராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் அதன் சேகரிப்பில் உண்டு. ஏறத்தாழப் பத்து வயதும் எட்டு வயதுமான இரு சிறுவர்களைக் கார்ன்வாலிஸ் பிரபு வரவேற்கும் காட்சி அது. அவர்கள் திப்புவின் மைந்தர்கள். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பிணையாக ஒப்படைக்கப்பட்டவர்கள். காண்போர், ஆங்கிலேயப் பிரபுவின் கனிவை வியந்து போவதற்காகத் தீட்டப்பட்ட ஓவியம் அது. அந்த உடன்படிக்கையின் மற்ற விதிகளோ இவை: நாட்டில் ஏறத்தாழப் பாதியை விட்டுக்கொடுத்தல், 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்துதல். விட்டுக்கொடுக்கப்பட்ட சீமைகளுள் ஒன்று திண்டுக்கல். 1790இலேயே கும்பெனிப் படை கைப்பற்றியிருந்த நம் மலை, அந்தச் சிறுவர்கள் கைமாறிய அதே ஏட்டில், அதே முத்திரையின் கீழ்க் கைமாறியது. அவ்வோவியத்தின் முன் நிற்கும் திண்டுக்கல் தாய், தன் ஊர் விலைபேசப்பட்ட நாளின் முன் நிற்கிறாள். அறிந்து நின்றால் அது வரலாறு. அறியாமல் நின்றால் அது வெறும் சித்திரம்.

இவ்விடத்தில் நம்மை நோக்கி நான்கு குரல்கள் எழும். நான்குக்கும் விடை கூறுவது நம் கடமை.

முதற்குரல்: "உழைத்துக் களைத்தவர்கள் ஒரு நாள் மகிழ்ந்திருக்கப் போகிறார்கள், அங்கும் பாடம் நடத்த வேண்டுமா?" வேண்டியதில்லை. மகிழ்வதற்குப் பூங்காக்கள் உண்டு, கடற்கரை உண்டு, கடைத்தெரு உண்டு. ஆனால் ஏறத்தாழ முப்பது பவுன் நுழைவுக்கட்டணம் செலுத்தி ஓர் அரண்மனைக்குள் நுழைகிறவர், அந்தக் கட்டணத்தையாவது வீணாக்காதிருக்க வேண்டாமா? பிரியாணியில் ஒரு பிடி உப்புக் குறைந்தால் சமைத்தவரை விசாரிக்கத் தெரிந்த நமக்கு, கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள் யாருடையது, எப்படி வந்தது என்று விசாரிக்கத் தெரியாமற் போவது எப்படி?

இரண்டாம் குரல், கற்றவர்களின் குரல்: "அங்கே கொண்டு போனதால்தான் பிழைத்தது, இங்கே இருந்திருந்தால் என்றோ கரையான் தின்றிருக்கும்." இதில் ஒரு பாதி உண்மை என்பதை மறுக்கமாட்டோம். திப்புவின் நூலகத்திலிருந்த ஏறத்தாழ 2000 சுவடிகளுள் கல்கத்தாவுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் இலண்டனுக்கும் பிரிந்து சென்றவை அங்கே பேணப்பட்டன. திப்பு தம் கையாலேயே பாரசீகத்தில் எழுதிய கனவுக் குறிப்பேடு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால், அங்கு எல்லாம் எப்போதும் பத்திரம் என்பது கட்டுக்கதை. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியக் குண்டால் கூரை இடிந்து விழுந்து அந்த மரப்புலி பல நூறு துண்டுகளாகச் சிதறிற்று. பின்னர் ஒட்டவைத்து, 1947இல்தான் மீண்டும் காட்சிக்கு வந்தது. வின்சர் கோட்டையிலேயே 1992 நவம்பர் 20ஆம் நாள் பெருந்தீ மூண்டு நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் பாழ்பட்டன. ஆபத்து எல்லா மண்ணிலும் உண்டு. ஆபத்துக்குப் பின் துண்டுகளைப் பொறுக்கியெடுத்து ஒட்டவைக்கும் அக்கறைதான் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது. மேலும், எரியும் வீட்டிலிருந்து பெட்டியைக் காப்பாற்றியவனைப் பாராட்டலாம். வீட்டைக் கொளுத்தியவனே பெட்டியையும் எடுத்துப் போயிருந்தால், அதற்குப் பெயர் காப்பாற்றுதலா?

மூன்றாம் குரல், வீரர்களின் குரல்: "எல்லாவற்றையும் திருப்பிக் கொடு!" நியாயமான குரல், ஆயினும் குரல் மட்டுமே. பிரிட்டனில் 1983ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டம், விக்டோரியா ஆல்பர்ட் போன்ற நிறுவனங்கள் தம் சேகரிப்பிலுள்ள பொருளை எளிதில் விட்டுக்கொடுக்க இயலாதபடி கட்டுப்படுத்துகிறது. பண்பாட்டுப் பொருள்கள் பற்றிய 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையோ அதற்கு முந்தைய கவர்தல்களைத் தொடுவதில்லை. தனியாரிடம் சிக்கியவற்றின் கதை இன்னும் கொடிது. சீரங்கப்பட்டணத்தில் எடுக்கப்பட்ட திப்புவின் வாளொன்று 2023 மே மாதம் இலண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. சட்டம் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம் நிற்கும்போது, வெறுங்குரல் எங்கே எடுபடும்?

எடுபட்ட வழக்குகளைப் பாருங்கள். தஞ்சைச் சீமையின் பத்தூர் நடராசர் இலண்டன் நீதிமன்ற வழக்கில் வென்று 1991இல் தாயகம் திரும்பினார். அரியலூர்ப் பகுதியிலுள்ள ஸ்ரீபுரந்தானிலிருந்து களவாடப்பட்டு, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிய நடராசரை, 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமரே டில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். எதனால்? அந்தச் சிலை கோயிலில் இருந்தபோதே புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த புகைப்படம் சாட்சி சொன்னதால்! அவர்கள் கூவி வென்றாரில்லை. பதிவைக் காட்டி வென்றனர். நம் பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளுக்கு இத்தகைய பதிவு எத்தனை ஊரில் இருக்கிறது? வக்பு ஓலைகளுக்குப் படி எடுத்தவர் யார்? பள்ளியைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய எழுத்தின் மீது சுண்ணாம்பு பூசி, பின்னர் வழவழப்பான ஓடு பதித்து, அதன்மீது நன்கொடையாளர் பெயரை மட்டும் பொன்னெழுத்தில் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? பெட்டிக்கடியில் கிடந்த பாட்டனாரின் அரபுத்தமிழ்ச் சுவடியை, வாசிக்கத் தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் ஆற்றில் விட்ட வீடுகள் எத்தனை? கும்பெனிக்காரன் எடுத்துப் போனது ஒரு முறை. நாம் இழப்பதோ ஒவ்வொரு வெள்ளையடிப்பிலும்.

நான்காம் குரல், ஐயக் குரல்: "ஹைதர், திப்பு என்று பேசுவது வகுப்புவாதம் ஆகாதா?" ஆகாது. திப்பு குறையற்றவர் என்று நாம் வாதாடவில்லை. எந்த அரசனும் அப்படியில்லை என்பதை இப்னு பதூதாவிடமே கற்றோம். ஆனால் இந்த மலையின் வரலாறு ஒரு வகுப்பாருக்கு உரியதன்று. கட்டத் தொடங்கியவர் நாயக்கர். உச்சியில் மூர்த்தியில்லாத கோயில் நிற்கிறது. அடிவார ஊரில் பேகத்தின் அடக்கத்தலம் இருக்கிறது. 1772இல் காளையார்கோயில் போரில் கணவரை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்தது இந்தத் திண்டுக்கல் சீமையில். அவருக்குத் துணை நின்றவர்கள் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரும் ஹைதர் அலியும். ஹைதரின் உதவியோடு 1780இல் அரசியார் சிவகங்கையை மீட்டார். அதே கோபால நாயக்கரைக் கும்பெனியார் 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டனர். அரசிக்கு அடைக்கலம் தந்தபோது நாயக்கரும் நவாபும் சாதி கேட்டதில்லை, சமயம் கேட்டதில்லை. அந்த வரலாற்றை மறப்பதுதான் வகுப்புவாதத்துக்குக் கதவு திறந்துவிடும். நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் வேறு எவரோ தமக்கு வேண்டியதைச் சொல்லி நிரப்புவர்.

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் நம் ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால், வீட்டுக்குப் பூட்டுச் செய்து கொடுத்த ஊர், தன் வரலாற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கோ தவறவிட்டு நிற்கிறது. சாவி இலண்டனில் இல்லை. அங்குள்ளவை பூட்டுக்குள்ளிருந்த சில பொருள்கள் மட்டுமே. சாவி இங்கே, நம் வீட்டில், நம் மஹல்லாவில் இருக்கிறது, தேடுவார்தாம் இல்லை.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். வெளிநாட்டில் ஒரு நாள் ஒதுக்குவதற்கு முன்னர், இவ்வூரில் ஒரு நாள் ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் பிள்ளைகளோடு மலைக்கோட்டைக்குச் செல்லுங்கள். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம். சுவரில் ஆணியால் பெயர் கீறுவதற்கன்று, கீறியவனைத் தடுப்பதற்கு உரிமையுள்ள சொந்தக்காரராகச் செல்லுங்கள். உச்சியில் நின்று சிறுமலையையும், மேற்கே பழனிமலைத் தொடரையும், இடையே விரிந்து கிடக்கும் சமவெளியையும் காட்டுங்கள். இந்தச் சமவெளியைக் காத்து நிற்கும் பாறையாதலால்தான் நாயக்கரும் மைசூராரும் கும்பெனியாரும் இதற்காகப் போரிட்டனர் என்று சொல்லுங்கள். பிற்பகலில் பேகம்பூர் சென்று அந்த அம்மையாருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதி, அவர் யாருடைய சகோதரி, ஏன் இங்கு அடங்கியிருக்கிறார் என்று எடுத்துரையுங்கள். வீடு திரும்பியபின் மூத்தவர்களை உட்காரவைத்து, அவர்கள் அறிந்த பழஞ்செய்திகளைப் பிள்ளைகளைக் கொண்டே ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் முத்தவல்லிகளுக்கும் ஒரு சொல். பள்ளியைப் புதுப்பிக்கக் கொத்தனாரை அழைக்கும் முன் புகைப்படக்காரரை அழையுங்கள். ஒவ்வொரு கல்வெட்டையும், ஒவ்வொரு மீஸான் கல்லையும், ஒவ்வொரு பழைய ஓலையையும் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து இரண்டு படிகள் வையுங்கள். ஒன்று பள்ளியில், மற்றொன்று வேறோர் ஊர் நூலகத்தில். பெருஞ்செலவு பிடிக்கும் வேலையன்று இது. இன்று எல்லார் கையிலும் இருக்கும் தொலைபேசியே போதும். வின்சர் வாயிலில் நின்று நூறு படம் எடுக்கத் தெரிந்த கைக்கு, வாப்பாவின் வாப்பா எழுதிய நான்கு ஏடுகளைப் படமெடுக்கத் தெரியாதா?

அதன் பின்னர் இலண்டனுக்குச் செல்லுங்கள். மகிழ்ச்சியோடு செல்லுங்கள். பொற்புலியின் தலைக்கு முன் நின்று, இது உடைக்கப்பட்ட சிம்மாசனத்தின் துண்டு என்று பேரனுக்குச் சொல்லுங்கள். மரப்புலியைப் பற்றிக் கேட்கும் பேத்திக்கு, இதை உறும வைத்தவனின் தந்தை பீரங்கி வார்க்கப் பட்டறை வைத்தது நம் ஊரில் என்று சொல்லுங்கள். பொருளருகே எழுதப்பட்டிருக்கும் குறிப்பில் அது வந்த வழி ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று வாசியுங்கள். சொல்லப்படவில்லையாயின், அங்குள்ள அதிகாரிகளுக்கு மரியாதையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். "நாங்கள் திண்டுக்கல்லிலிருந்து வந்தவர்கள், இந்தப் பொருளின் வரலாறு எங்கள் மலையில் தொடங்குகிறது" என்று அக்கடிதம் தொடங்கட்டும். ஒரு குடும்பம் எழுதினால் அது கடிதம். ஆண்டுதோறும் நூறு குடும்பங்கள் எழுதினால் அது வழக்கு.

அந்த வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறவர்கள் நம் பிள்ளைகள். தம் ஊரைப் பற்றி ஒன்றுமே அறியாத சாட்சிகளாக அவர்களை அனுப்பப் போகிறோமா என்பதுதான் நம்முன் நிற்கும் கேள்வி. வருகிற விடுமுறைக்கு முன் ஒவ்வொரு வீடும் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.